ஆற்றலும் ஓர் அமானிதமே!

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்வோர் செஞ்சியின் மலைகளைக் காணாமல் கடந்து செல்ல முடியாது. பாறைமேல் பாறையை அடுக்கி வைத்தாற்போன்ற அம்மலைகளின்மீது கோட்டை எழுந்து நிற்கிறது. அதன் உயரத்தையும் மதில்களின் வலிமையையும் வியந்து பேசுவோர் பலர். ஆயினும், கோட்டையினுள் இருக்கும் நெற்களஞ்சியத்தின் முன்னே நின்று சிந்திப்போர் மிகச் சிலரே.

முற்றுகை பல கண்ட கோட்டை அது. மொகலாயப் படை 1690ஆம் ஆண்டு முதல் அதைச் சூழ்ந்து நின்றும், 1698ஆம் ஆண்டில்தான் கைப்பற்ற முடிந்தது. அத்தனை ஆண்டுகள் ஒரு கோட்டை தாக்குப்பிடித்தது என்றால், அதற்கு வாளேந்திய வீரன் மட்டுமா காரணம்? மழை நீரைச் சுனையில் தேக்கியவன் ஒருவன்; நெல்லை அளந்து கொட்டிக் கணக்கு வைத்தவன் ஒருவன்; கல்லின் போக்கறிந்து உளி பிடித்தவன் ஒருவன்; குதிரையின் மனமறிந்து அதை வளர்த்தவன் ஒருவன். களஞ்சியம் காப்பவனைக் குதிரைமேல் ஏற்றி, குதிரை வீரனைக் கணக்கெழுத உட்கார வைத்திருந்தால், பகைவர் வருமுன்னரே கோட்டை வீழ்ந்திருக்கும் அன்றோ?

அக்கோட்டையினுள்ளேயே ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் ஒன்றும் உண்டு. 1717ஆம் ஆண்டையொட்டி எழுந்தது அது. அதன் முற்றத்தில் நிற்கும் ஒரு முஸ்லிமின் உள்ளத்தில் எழவேண்டிய கேள்வி இதுதான்: "என்னைப் படைத்த இறைவன் என்னிடம் எந்த ஆற்றலை ஒப்படைத்திருக்கின்றான்? அதை நான் என் தொழிலில் பயன்படுத்துகின்றேனா, அல்லது புதைத்து வைத்திருக்கின்றேனா?"

ஓலை சொல்லும் பாடம்

செஞ்சியை அடுத்துள்ள ஊர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அமைந்திருக்கும் ஊர் அது. அம்மடத்தில் பழைய ஓலைச் சுவடிகள் பேணிக் காக்கப்பட்டு வருகின்றன. சமயத்தால் நாம் வேறானவர்கள். எனினும் அண்டை அயலாரிடம் உள்ள நல்ல செயலைக் கண்டு படிப்பினை பெறுவது நமக்கு விலக்கப்பட்டதன்று.

ஓலையில் எழுதுவது எத்தகைய வேலை என்பதை எண்ணிப் பாருங்கள். பனையோலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீற வேண்டும். சற்று அழுத்தினால் ஓலை கிழியும். சற்றுத் தளர்ந்தால் எழுத்துப் பதியாது. ஒருமுறை கீறிய கோட்டை அழிக்கவும் இயலாது. ஓலையோ பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகக் கூடியது. ஆகவே தலைமுறைதோறும் எவரேனும் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் மீண்டும் படியெடுக்க வேண்டும். அப்படிப் படியெடுத்தோரில் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. அவர்களிடம் இருந்த ஆற்றல் இரண்டே: பொறுமை, பிழையற்ற கண். ஊரார் மெச்சும் வீரமன்று அது. மேடையில் ஒலிக்கும் நாவன்மையுமன்று. ஆனால் அந்த ஆற்றல் இல்லையேல் பண்டைத் தமிழ் நூல்களில் எத்தனையோ நமக்குக் கிட்டியிருக்க மாட்டா.

இதனை எண்ணும்போது இஸ்லாமிய வரலாற்றில் ஓர் இளைஞரின் நினைவு நமக்கு வருகிறது.

போர்க்களம் மறுத்தது, பேனா அழைத்தது

பத்ருப் போர் நிகழ்ந்த ஆண்டு கி.பி. 624. மதீனாவிலிருந்து புறப்பட ஆயத்தமான அணியில் சேர்ந்துகொள்ள ஒரு சிறுவர் விரும்பினார். அவர் பெயர் ஜைத் பின் தாபித் (ரலி). வயதோ ஏறத்தாழப் பதின்மூன்று. சிறு வயதினர் என்பதால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் போருக்கு ஏற்கவில்லை. மார்க்கத்துக்காக உயிரையே கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிஞ்சு நெஞ்சம் எவ்வளவு வாடியிருக்கும்!

ஆனால் அச்சிறுவரிடம் வேறோர் ஆற்றல் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த காலத்திலேயே அவர் திருக்குர்ஆனின் பதினேழு அத்தியாயங்களை நெஞ்சில் ஏற்றியிருந்தார். அவருடைய குலத்தார் அவரை அழைத்துச் சென்று, அவர் ஓதுவதை நாயகம் (ஸல்) அவர்களைக் கேட்கச் செய்தனர். கேட்டு மகிழ்ந்த அண்ணலார், அவரை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரை மாதம் நிறைவதற்குள் ஜைத் (ரலி) அதைக் கற்றுத் தேர்ந்தார். அது முதல் நாயகத்தின் கடிதங்களை எழுதவும், வரும் கடிதங்களைப் படித்துக் காட்டவும் ஆனார். இறைவசனங்கள் அருளப்பெற்றபோது அவற்றை எழுதிய எழுத்தர்களுள் ஒருவராகவும் உயர்ந்தார்.

சிந்தியுங்கள்! வாள் பிடிக்க வயது போதாதென்று திரும்பிய கரத்தில், அல்லாஹ்வின் வேதத்தை எழுதும் பேறு வைக்கப்பட்டிருந்தது.

நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் யமாமாப் போர் நடந்தது. குர்ஆனை மனனம் செய்திருந்தோர் பலர் அதில் ஷஹீதாயினர். வேதத்தை ஒரே தொகுப்பாகத் திரட்ட வேண்டுமென்று உமர் (ரலி) வற்புறுத்தினார். கலீஃபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் அப்பணிக்கு யாரைத் தேர்ந்தார்கள்? மூத்த தோழர்கள் பலர் இருக்க, இருபது வயதைச் சற்றே கடந்த ஜைதையே அழைத்தார்கள். காரணத்தையும் அவரிடமே எடுத்துரைத்தார்கள். அவர் இளைஞர், அறிவுடையவர், ஐயத்துக்கு இடமில்லாதவர், நாயகத்துக்காக வஹீயை எழுதியவர் என்பனவே அவை. இந்த நான்கு காரணங்களையும் நாம் நம் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். வலிமை, அறிவு, நம்பகம், பயிற்சி ஆகிய நான்கும் அதில் அடங்கிவிட்டன.

அவரோ துள்ளிக் குதித்து ஏற்கவில்லை. ஒரு மலையை இடம் பெயர்க்கச் சொல்லியிருந்தாலும் இதைவிடப் பாரமாய் இருந்திராது என்றே அவர் உணர்ந்தார். செஞ்சியின் ராஜகிரியை அண்ணாந்து பார்த்தவர்கள் இவ்வுவமையின் பாரத்தைச் சற்றே உணரக்கூடும். எனினும் ஏற்றார். பேரீச்ச மட்டைகளிலிருந்தும், மெல்லிய கற்களிலிருந்தும், மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் தேடித் தேடித் திரட்டினார். அந்த ஏடுகள் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரிடம் இருந்து, பின்னர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பாதுகாப்பில் இருந்தன. உதுமான் (ரலி) அவர்களின் ஆட்சியில் அவற்றிலிருந்து படிகள் எடுக்கப்பட்டபோதும் அக்குழுவில் முதன்மையாக இருந்தவர் அதே ஜைத் (ரலி)தான்.

இங்கே சகோதரிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. அன்னை ஹஃப்ஸாவுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி. எழுத்தறிந்தோர் அரிதாக இருந்த காலத்தில் ஒரு பெண் தன் ஆற்றலை மற்றொரு பெண்ணுக்கு வழங்கினார். அகழ்ப்போரின்போது காயமுற்றோருக்குக் கூடாரம் அமைத்து மருந்திட்ட ருஃபைதா (ரலி) அவர்களையும் வரலாறு மறக்கவில்லை.

அண்ணலாரின் பார்வை

ஆற்றலைக் கண்டறியும் கண் நாயகம் (ஸல்) அவர்களிடம் எவ்வாறு ஒளிர்ந்தது என்பதற்குச் சான்றுகள் பல.

பாங்கின் சொற்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் பின் ஜைத் (ரலி). கண்டவரே முழங்கட்டும் என்று அண்ணலார் விட்டுவிடவில்லை. பிலாலின் குரல் மேலும் ஓங்கி ஒலிக்கும் என்பதால், அவருக்குச் சொல்லிக் கொடுக்குமாறு பணித்தார்கள். கனவு கண்டவரின் மதிப்பு குறையவுமில்லை. அடிமைத்தளையில் உழன்றவரின் குரல் வீணாகவுமில்லை.

இதனினும் வியப்பானது அபூ மஹ்தூராவின் நிகழ்ச்சி. ஹுனைன் போருக்குப் பின், கி.பி. 630இல், இளைஞர் சிலர் பாங்கைக் கேட்டு அதைப் போலவே கூவிக் கேலி செய்தனர். அவர்களை அழைத்து வரச் செய்த நாயகம் (ஸல்) அவர்கள், யாருடைய குரல் அவ்வளவு ஓங்கி எழுந்தது என்று விசாரித்தார்கள். அபூ மஹ்தூரா முன்னே நிறுத்தப்பட்டார். தண்டனையை எதிர்பார்த்து நின்றிருப்பார். கிடைத்ததோ பாங்கின் பாடம்! அண்ணலாரே அவருக்குப் பாங்கைக் கற்றுக்கொடுத்து, மக்காவின் முஅத்தினாக ஆக்கினார்கள். கேலியிலும் ஒரு குரல்வளத்தைக் கேட்ட செவி அது. நம் பிள்ளைகளின் குறும்பில் நாம் எதைக் கேட்கின்றோம்?

அதே அண்ணலார், தம் அன்புக்குரிய தோழர் அபூதர் (ரலி) அவர்கள் பதவி கேட்டபோது மறுத்தார்கள். அப்பொறுப்பைச் சுமக்க அவர் வலுவற்றவர் என்பதையும், பதவி ஓர் அமானிதம் என்பதையும், உரிமையோடு பெற்று அதன் கடமையை நிறைவேற்றியோர் தவிர ஏனையோருக்கு அது மறுமையில் இழிவும் வருத்தமுமே என்பதையும் எடுத்துரைத்தார்கள். அபூதரின் வாய்மையும் துறவுள்ளமும் ஈடற்றவை. எனினும் ஆட்சிப் பொறுப்பு அவருக்குரியதன்று. தனக்கு எது இயலாது என்பதை அறிவதும் தன்னை அறிவதேயாகும். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், கடைப் பங்காண்மைக்கும், சங்கத் தலைமைக்கும் போட்டியிட முனைவோர் இதனை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம். தகுதியற்றோரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படுவதை உலக முடிவின் அடையாளமாகவே நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கின்றார்கள்.

கடைத்தெருவில் ஒரு வீடு

இனி நம் காலத்துக்கு வருவோம். ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். செஞ்சி போன்றதொரு சிற்றூர். கடைத்தெருவில் பாட்டன் காலத்துக் கடை. தந்தைக்கு முதுமை நெருங்குகிறது. மகன் கல்லாவில் அமர்கிறான். ஆனால் வாடிக்கையாளரிடம் இன்முகமாய்ப் பேச அவனுக்கு வரவில்லை. நாள்தோறும் பிறர் முன்னிலையில் ஏச்சு. மாலை வேளையில் பக்கத்து வயலில் நீரிறைக்கும் மோட்டார் நின்றுபோனால் உழவர்கள் அவனைத் தேடி வருகின்றனர். சத்தத்தைக் கேட்டே பழுது இன்னதென்று அவன் சொல்லிவிடுகிறான். தந்தையோ, "ஊரான் வேலைக்கு ஓடுகிறான், கடைக்கு உதவாதவன்!" என்கிறார். ஆண்டுகள் சில செல்கின்றன. தான் எதற்கும் உதவாதவன் என்பதை மகனும் நம்பிவிடுகிறான்.

சகோதரர்களே, இத்தகைய வீடுகள் நம்மிடையே எத்தனை! அந்த மகன் கெட்டவனல்லன். அந்தத் தந்தையும் கொடியவரல்லர். குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிடக் கூடாதே என்ற அச்சம் அவருக்கு. ஆனால் அல்லாஹ் அப்பிள்ளையிடம் ஒப்படைத்த அமானிதம் ஒன்று அந்த வீட்டில் வாளாக் கிடந்து துருவேறுகிறதே, அதற்கு மறுமையில் பதில் சொல்லப்போவது யார்?

இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்த அப்துல் கலாம் அவர்களின் வாழ்வை நீங்கள் அறிவீர்கள். விமானியாக வேண்டும் என்பதே அவருடைய இளமைக் கனவு. விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்தார்; எடுக்கப்பட்டவர்களோ எட்டுப் பேர். ஓரிடத்தில் தவறிப்போயிற்று கனவு! ஜைதுக்குப் போர்க்களம் மறுக்கப்பட்டதைப் போல இவருக்கு வான்களம் மறுக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டில் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பணியில் சேர்ந்தார். அவர் தலைமையில் உருவான செயற்கைக்கோள் ஏவுகலம் 1979இல் கடலில் வீழ்ந்தது; 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் ரோகிணியைச் சுமந்து விண்ணேறியது. விமானத்தை ஓட்ட இயலாதவருக்கு, பலரை ஒருங்கிணைத்து வானூர்தி படைக்கும் ஆற்றல் அருளப்பட்டிருந்தது. 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவராகவும் ஆனார். மூடிய கதவின் முன் அமர்ந்து அழுதுகொண்டே இருந்திருந்தால், திறந்திருந்த கதவை அவர் கண்டிருப்பாரா?

எப்படி அறிந்துகொள்வது?

"என்னிடம் என்ன ஆற்றல் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லையே!" என்பீர்கள். அறிய வழிகள் உள்ளன.

முதலாவது, எளிமை. விதியைப் பற்றி வினவிய தோழர்களிடம், செயலைக் கைவிட வேண்டாம் என்றும், ஒவ்வொருவருக்கும் அவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அதற்கான வழி எளிதாக்கப்படும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். பிறர் அரும்பாடுபட்டுச் செய்யும் எந்த வேலை உங்களுக்கு இலகுவாக வருகிறது என்று பாருங்கள். நமக்கு எளிதாக வருவதை நாம் பெரிதாக மதிப்பதில்லை. அங்கேதான் ஆற்றல் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, பிறர் எதற்காக உங்களை நாடி வருகின்றனர் என்பது. கடிதம் எழுதவா? பிணக்குத் தீர்க்கவா? நோயாளிக்குத் துணையிருக்கவா? கணக்குப் பார்க்கவா? நம் முதுகை நாம் காண இயலாது. பிறர் கண் காணும். ஆகவே உங்கள்பால் நலம் நாடும் இருவரிடம் கேளுங்கள். ஆலோசனை நபிவழி அன்றோ?

மூன்றாவது, துணையை அறிதல். மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்டபோது, தம்மைவிட நாவன்மை மிக்க சகோதரர் ஹாரூனைத் துணையாக வேண்டினார்கள். தம் குறையை ஒளிக்கவுமில்லை. அக்குறையைக் காரணம் காட்டிப் பணியை மறுக்கவுமில்லை. கடையில் பேசத் தெரியாத அண்ணனும் பேசத் தெரிந்த தம்பியும் இருந்தால், ஒருவரை ஒருவர் பழிக்காமல் இணைந்து நிற்கட்டும்.

நான்காவது, தொழுது கேட்டல். இரு வழிகளில் எது நலம் என்று தெரியாதபோது இஸ்திகாரா செய்யுமாறு, குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பது போன்றே நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு ரக்அத் தொழுது, முடிவை அறிந்தோனிடம் ஒப்படையுங்கள்.

ஆற்றலை அறிந்த பின் அதைத் தயங்காமல் முன்வைப்பதும் தவறன்று. யூசுப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டு மன்னனிடம், களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் விடுமாறு தாமே கேட்டார்கள். தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்றும் எடுத்துச் சொன்னார்கள். பஞ்சம் வரப்போகிறது, மக்கள் உயிர் அதில் இருக்கிறது, காக்கும் திறனோ தம்மிடம் இருக்கிறது. அவ்வேளையில் அடக்கத்தின் பெயரால் வாய்மூடி இருப்பது அடக்கமாகாது. செஞ்சியின் களஞ்சியத்தைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் இடத்திலேயே தொடங்குங்கள்

ஆற்றலைத் தேடுகிறேன் என்று சொல்லிக் குடும்பப் பொறுப்பை உதறிவிட்டு ஓடச் சொல்லவில்லை. மனைவி மக்களையும் முதிய பெற்றோரையும் ஹலாலான உழைப்பால் காப்பது கடமை. பலருக்கு, செய்யும் வேலையை விடாமலேயே அதனுள் தம் ஆற்றலுக்கு இடம் காண இயலும். மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, தம் செல்வத்தில் பாதியைத் தர ஸஅத் பின் ரபீஉ (ரலி) முன்வந்தார். அவரோ அதற்காகத் துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்றே கேட்டார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார். தம்மிடம் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவருக்குத் தொடங்குவதற்குப் பெரும் முதல் தேவைப்படவில்லை.

அந்தக் கடைக்காரத் தந்தையும் இதைச் செய்யலாம். கடையின் ஒரு பக்கத்தில் மோட்டார் உதிரிப் பொருள்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கி, மகனிடம் அதை ஒப்படைத்துப் பார்க்கலாம். கல்லாவில் இன்முகம் காட்டத் தெரிந்த இன்னொருவரை அமர்த்தலாம். கடையும் பிழைக்கும், மகனும் பிழைப்பான்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள் மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்தப் பரிந்துரைத்தபோது இரண்டு தகுதிகளைச் சேர்த்தே சொன்னார் என்று திருமறை எடுத்துரைக்கிறது: வலிமை, நம்பகம். நம்பகமற்ற திறமை ஊரைக் கெடுக்கும். திறமையற்ற நம்பகம் வேலையைக் கெடுக்கும்.

காரூனும் திறமையுடையவன்தான். தன் செல்வம் தன் அறிவால் வந்தது என்றான். பூமி அவனை விழுங்கியது. சுலைமான் (அலை) அவர்களோ பேராற்றல் தம் முன் வெளிப்பட்டபோது, இது என் இறைவனின் அருள், நான் நன்றி செலுத்துகின்றேனா என்று சோதிப்பதற்காகவே தரப்பட்டது என்று பணிந்தார்கள். ஒரே ஆற்றல், இரு உள்ளங்கள், இரு முடிவுகள்!

இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளைகளை, மனைவியை, தம்பியை, உங்களிடம் வேலை செய்வோரைச் சற்றே உற்று நோக்குங்கள். ஒவ்வொருவரிடமும் உள்ள ஒரு நல்ல ஆற்றலை அவரிடமே எடுத்துச் சொல்லுங்கள். நீண்ட காலமாக எவரேனும் அதைச் சொல்ல மாட்டார்களா என்று அவர் காத்திருக்கக்கூடும். பின்னர் தனித்திருந்து உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இறைவன் தந்த அமானிதத்தை நான் என்ன செய்தேன்?

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை அறிந்து, செம்மையாகச் செய்து, நன்றியோடு திருப்பி ஒப்படைக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.